அன்னத்தாயின் செம்புத் தகடு

—வாங்க ரஷீதாக்கா, இதைப் பாருங்க. காது மிஷினுக்குன்னு எடுத்த இந்தத் தகடும் பாழு. கரண்டு ஓடுற வழின்னு நகப்பாலிஷ் வச்சு வரைஞ்ச கோட்டையும் சேத்துல்லா ஆசிட் தின்னுட்டு!

—அரே, கொண்டா பாப்போம். கழுவுன பொறவு செம்பு மேல வெரலு பட்டுச்சா அன்னம்?

—படாம எப்படி வரைய?

—அதான். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தா பாலிஷ் உரிஞ்சிரும். நான் வேலை பாத்த வடாலா ரேடியோ கம்பெனியில ஓரத்தைத்தான் பிடிக்கணும்பாங்க.

—எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துட்டு. சாம்பல் போட்டுத் தேய்ச்சு, ஓரத்தைப் பிடிச்சே இன்னொண்ணு வரைஞ்சு போட்டிருக்கேன். அந்தா, பீங்கான் தட்டுல. அதுல என்னன்னா, கரைய வேண்டிய செம்பு திட்டுத்திட்டா நிக்கு.

—யா அல்லா, நான் சொல்லு முன்னாலயே கண்டுபிடிச்சிட்டியே! தட்டை ஆட்டுனியா?

—ஆட்டவா செய்யணும்?

—சும்மா கெடந்தா குமிழி ஒட்டிக்கிட்டு அந்த எடத்துல ஆசிட் ஏறாது. மழைக் குளிரு வேற. தட்டை வெந்நீர்ல எறக்கி வச்சு மெதுவா ஆட்டு. கண்ணை எடுத்துராத. ரொம்ப விட்டா கோட்டுக்கு அடியிலயும் அரிச்சிரும்.

—கரையுதுக்கா! அடிப்பலகை தெரியுது!

—பஸ், போதும், எடுத்துக் கழுவு. அரே, என்ன கோடுடி இது! நூல் பிடிச்சாப்புல இருக்கு. எங்க மேஸ்திரி துண்டுக் காயிதத்துல கிறுக்கிக் குடுத்த படத்தை வச்சு, தாராவியில ஒரு ஒத்த ரூமுல உக்காந்து காது மிஷின் செய்ய யாருக்கு வரும்?

—கடையில வாங்க வழியிருந்தா நான் ஏன் இதுல கைய வைக்கேன்? பாய்லர் வெடிச்சதுல எங்க வீட்டுக்காரருக்குப் போன காது. சத்தத்தைக் கூட்டிக் குடுத்தா கேக்கும்னு டாக்டர் சொல்லுதாரு. பாருங்க, பக்கத்துலதான் பேப்பர் படிக்காக. நாம பேசுறது ஒண்ணும் தெரியாது.

*

—ரஷீதாக்கா, நேத்தே டிரான்சிஸ்டர், மைக்கு, பேட்டரி எல்லாம் ஈயம் வச்சு முடிச்சிட்டேன். ஆனா உசிரே இல்லையே!

—அழாத. வாசல்ல வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடி.

—கோடு எல்லாம் ஒழுங்காத்தான... இருங்க. இந்த மூலையில மயிரு கனத்துல ஒரு கீறல். அது வழியா வெளிச்சம் வருதுக்கா!

—கரண்டு அங்கதான் நின்னு போயிருக்கு. எப்படி ஒட்டுவ?

—ஒத்தக் கம்பியைக் குறுக்க வச்சு மேல ஈயத்தை உருக்கிருதேன்... ம், ஆச்சு. ஏக்கா, இயர்போன்ல கரகரங்கு!

—சபாஷ்டி! இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும். பாண்டி அண்ணன் காதுல மாட்டு. மைக்குல பேசு.

—என்னத்தப் பேச... இந்தாருங்க, நான் அன்னம். கேக்குதா? நான்தான்.

—அன்னம்... காது போன பொறவுதான ஒன்னைக் கட்டுனேன். இத்தனை வருசமா ஒன் வாயசைவுக்கு நானா ஒரு கொரலு நெனச்சு வச்சிருந்தேன். இது அதைவிட நல்லாருக்கு. நிறுத்தாதட்டி, பேசு.