ஜன்னல் அட்டை

பக்கத்தில் வந்து உட்கார், கண்ணு. ஈரத் தொப்பியை அடுப்பருகே வை. கதவோரம் சாய்த்திருக்கும் கம்பியைப் பார்த்துவிட்டாய். அதன் கதையைச் சொல்கிறேன், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் ஜன்னலில் ஓர் அட்டை இருக்கிறதல்லவா, 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று? பலகைக்கல் குவாரியில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது வீட்டுக்கு வீடு மாட்டியது. போராட்டத்தை முறித்து வேலைக்குத் திரும்பியவன்தான் துரோகி. மற்றவர்கள் என்றோ கழற்றிவிட்டார்கள். என் அப்பா அப்போது தெற்கே நிலக்கரி வெட்டப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

யோலோ என்றொரு இளைஞன் என் வீட்டில் தங்கி, பாழடைந்த குவாரியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. ஒரு சாயங்காலம் தூசியும் சிரிப்புமாக வந்தான்.

"அத்தை, மேல் சுரங்கத்துக்குப் போனேன். வேலைக்குத் திரும்புனவங்கள ஊரு கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிருந்தாங்களே, அங்க. சுவத்துல உங்க அப்பா பேரு, வேலைநிறுத்தம் நடந்த வருஷத்தோட."

"கிரிஃபித்துங்கற பேரு இந்த ஊர்ல கொட்டிக் கெடக்கு."

"கிரிஃபித் பியூ. கீழ உங்க வீட்டுப் பேரும் செதுக்கியிருக்காரு. ஜன்னல் அட்டையை எழுத்து தெரியாம திருப்பி மாட்டிடலாமா அத்தை? ஞாயித்துக்கெழம தேவாலயக் கண்காட்சிக்கு அந்தச் சுவத்தப் படம் எடுக்கணும். சுரங்கக் கூரைதான் பயமா இருக்கு."

கூரையைக் கம்பியால் தட்டும்போது மணிபோல் ஒலித்தால் கல் உறுதி. பொத்தென்று கேட்டால் பிளந்து தொங்குகிறது. குவாரிக்காரன் மகள், எனக்குத் தெரியாதா? மாற்றிச் சொன்னேன்.

"பொத்துனு கேக்குற எடந்தான் கெட்டி. அதுக்கடியில நின்னுக்கோ."

"நீங்க சொன்னா சரிதான்."

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். துணைக்கும் போனேன். சுரங்க வாசலில் உட்கார்ந்து காலுறை பின்னினேன். உள்ளே மணியொலி கேட்டது. அவன் விலகி நடந்தான். பிறகு பொத்தென்ற ஒலி. ஓங்கி இன்னொரு தட்டு. கல் இறங்கியது.

"அத்தை, காலு மாட்டிக்கிச்சு. யாரையாவது கூட்டியாங்க."

காலுறையின் குதிகால் பகுதியில் இருந்தேன். அங்கே விட்டால் கண்ணி நழுவிவிடும். முடித்துவிட்டு உள்ளே போனேன். சுவரும் அப்பாவின் பெயரும் அப்படியே இருந்தன. அவன் கம்பியாலேயே எழுத்து எழுத்தாகக் கொத்தி எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டான். பிறகு கேட்கவில்லை.

இப்போது அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. அட்டை சொல்வது உண்மைதான்.

இந்தா, அந்தக் காலுறை. உன் பையனுக்குப் பொருந்தும். உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணு. என் வீட்டைப் போலவே உன் வீட்டிலும் என்றைக்கும் துரோகி இல்லாதிருக்கட்டும்.