வடிக்காத தண்ணீர்

வாளியில் வரும் உப்பு மாட்டிறைச்சியை அப்படியே சமைக்க முடியாது. வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மறுபடி ஊற்றி, வேகவைத்து, மறுபடி கொட்ட வேண்டும். எங்கள் சவாயீ தீவில் அடுப்படிக்குப் போன எவளுக்கும் இது தெரியும். ஆகவே கைத்தவறு என்று எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, நானாகத்தான் வந்தேன்.

போதகர் எலிசாராவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என் வீட்டிலிருந்து போகும். சபையார் அனுப்பிய தட்டைப் போதகர் தொடாமல் திருப்பினால், அனுப்பியவளின் குடும்பமே ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். அவர் நல்ல மனுஷர், யாரையும் அப்படி நிற்கவைக்க மாட்டார். அதை நம்பித்தான் சமைத்தேன்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது ஊருக்கே தெரியும். உப்பை அறவே விடச் சொல்லியிருந்தாள் நர்ஸ். அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார்.

"ஃபிலோமா, ஐயாவுக்கு உப்பு ஆகாதும்மா. கொஞ்சம் பாத்துச் செய்யி."

"நாலு தண்ணி வடிச்சுத்தாம்மா செய்யிறேன். நீங்க கவலப்படாதீங்க."

அந்த வாரத்திலிருந்து ஒரு தண்ணீரும் வடிக்கவில்லை. தேங்காய்ப்பாலைக் கெட்டியாகப் பிழிந்து ஊற்றினால் நாக்கு கொஞ்சம் ஏமாறும். அவர் நாக்கு ஏமாறவில்லை.

"என்ன ஃபிலோமா, கடலையே காய்ச்சி ஊத்திட்டியா?" என்று சிரித்தார். தட்டு காலியாகத்தான் திரும்பியது. மிச்சத்தை அவர் வீட்டுப் பிள்ளைகள் தின்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவருக்குத்தான் கால் வீங்கியது. பிறகு தலைவலி. ஒரு ஞாயிறு பிரசங்க மேடையில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பல் ஏற்றுமுன்னே உயிர் போய்விட்டது. அடக்கத்தில் நான் அழுதேன். பொய்யாக அழவில்லை.

என் மகள் டலித்தாவைப் பற்றிக் கேட்டீர்கள். தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டெல்லாம் வீங்கவைத்து, கடைசியில் இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல் இங்கே பிள்ளைகளுக்கு வருமே, அதுதான் அவளுக்கும். மாதாமாதம் இடுப்பில் பென்சிலின் ஊசி. தடித்த ஊசி, ஐயா. போட்டால் நொண்டிக்கொண்டே வருவாள். "அம்மா, இனிமே வேணாம்மா" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். என்னால் பார்க்க முடியவில்லை. போதகரிடம் கூட்டிப்போனேன். தலையில் கைவைத்து ஜெபித்தார்.

"தேவன் உன் நெஞ்சத் தொட்டுட்டாரு, டலித்தா."

தேவனே தொட்ட நெஞ்சுக்கு ஊசி எதற்கு? நிறுத்திவிட்டேன். பிள்ளைக்குப் படியேறவே மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அப்படியே போய்விட்டாள். குழிமேட்டில் அந்த மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. என் பிள்ளையைக் கொன்றவர் அவர்.

ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னாரா என்கிறீர்கள். சொல்லவில்லை. மாதாமாதம் ஆராதனை முடிந்ததும், "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்பார். "போட்டாச்சு ஐயா" என்பேன். தினமும் தேவனோடு பேசுகிறவர். நான் சொல்வது பொய்யென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?