சிவப்புத் துணி இல்லாத படம்

ஒரு கடையின் பெயருக்குப் பக்கத்தில் நல்ல படம் இல்லையென்றால் நீங்கள் அந்தக் கடையை அழைக்கமாட்டீர்கள். நானும் அழைக்கமாட்டேன். கைப்பேசி வைத்திருக்கிற எல்லோருடைய விரலும் அப்படித்தான் நகர்கிறது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். கார்களுக்குக் கண்ணாடி விற்பதும் பொருத்துவதும் அவர் தொழில். வேலையை விட்டுவிட்டு அவர்கள் வீட்டு மாடியறையில் நான் தங்கியிருந்த காலத்தில், கடைகளைத் தேடித் தரும் இணையதளத்தில் அவருடைய கடை வெறும் 'கண்ணாடி' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. ஆகவே மூக்குக்கண்ணாடி வேண்டியவர்கள் அழைத்தார்கள்.

"கண் டெஸ்ட் பண்ணுவீங்களா சார்?"

"பண்ணலாம்மா. காரைக் கொண்டாங்க, அதுக்குக் கண்ணு தெரியுதான்னு பாத்துடலாம்" என்பார் மாமா.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய சாலையிலிருக்கும் கடைக்காரர் எங்கள் கடையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். மாமாவும் பாதி மனது வைத்துவிட்டார். "கம்ப்யூட்டர் தெரியும்னு பீத்திக்கிறியே, இதையாவது பண்ணேன்டா. மூணு வேளையும் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போறியே, அந்த ரோஷம் மட்டும் இருந்தா போதுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

செய்தேன். தலைப்பைத் திருத்தினேன். வரைபடத்தில் எங்கள் கடை பின்தெருத் தையற்கடையின் தலைமேல் நின்றுகொண்டிருந்தது. அதை எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தேன். எந்தெந்த வண்டிக்குக் கண்ணாடி உண்டு என்பதை ஒழுங்காக எழுதினேன். இவை அத்தனையும் நேர்மையான வேலை. நேர்மையான வேலை எங்களை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே உட்கார வைத்தது. அந்தத் தளத்தில் திரையைத் தள்ளாமல் கண்ணில் படுவது மூன்று கடைகள்.

மேலே இருந்த கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதியதையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். ஒருவர்கூடக் கண்ணாடியைப் புகழவில்லை. எல்லோரும் வேகத்தைப் புகழ்ந்திருந்தார்கள். எங்களைப் பற்றியோ, 'நல்ல வேலை, ஆனால் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள்' என்றிருந்தது. அந்த 'ஆனால்' ஒவ்வொரு முறையும் ஒரு நட்சத்திரத்தைத் தின்றுவிடும். அதற்குக் காரணம் பசை அண்ணன்.

பசை அண்ணன் எங்கள் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். விரலிடுக்கில் எப்போதும் கறுப்புப் பசை இருக்கும். பெயரும் அதனால்தான் வந்தது. முன்கண்ணாடியைப் பொருத்தி, ஓரங்களில் நாடா ஒட்டி, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். பசை காயும்வரை, அதாவது நான்கு மணி நேரமாவது, அந்தத் துணியை அவர் அவிழ்க்கமாட்டார். துணி கட்டிய வண்டி நகரவும் நகராது.

"அரை மணியில வண்டிய விட்டா என்னண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விடலாம் தம்பி. கண்ணாடி நிக்கும், வண்டி ஓடும்."

"அப்புறம் என்ன?"

"எங்கயாவது முட்டினா நிக்காது. பக்கத்து சீட்டு ஏர்பேக் இருக்கு பாருங்க, அது கண்ணாடி மேல சாஞ்சுதான் ஆளைத் தாங்கும். பசை காயலன்னா கண்ணாடியைத் தள்ளிட்டு அது போயிடும். பின்னாடியே ஆளும் போயிடுவாங்க."

"வர்றவங்க எல்லாரும் முட்டவா போறாங்க?"

"யாரு முட்டுவாங்கன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

இந்த உரையாடலை முழுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு யாராவது எனக்காக இரக்கப்படுவதை நான் விரும்பவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடைபோட்டேன்.

'அரை மணி நேரத்தில் வண்டி உங்கள் கையில்' என்று தளத்தில் எழுதினேன்.

அதை நடத்திக்காட்ட எனக்கு உதவியது அந்த இருவரின் பகைதான். மாமாவும் பசை அண்ணனும் சேர்ந்து தொடங்கிய கடை அது. ஏதோ ஒரு பழைய கண்ணாடியை உடைத்தது யார் என்பதில் முறைத்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருடங்களாக வேலை செய்துவந்தார்கள். மாமா சுவரைப் பார்த்துச் சொல்வார். அண்ணன் பசைத் துப்பாக்கியைப் பார்த்துப் பதில் சொல்வார். முக்கியமானவை என் வழியாகப் போகும்.

முன்கண்ணாடி வேலைகளை, அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் நேரத்தை ஒட்டி முடிகிறபடி ஏற்பாடு செய்தேன். அவர் தலை மறைந்ததும் துணியை அவிழ்ப்பேன். நாடாவை உரிப்பேன், ஏனெனில் நாடா படத்தில் அசிங்கமாகத் தெரியும். வாடிக்கையாளரை உட்காரவைத்துப் படமெடுத்து, வண்டி கிளம்புவதற்கு முன்பே நட்சத்திரங்களையும் வாங்கிவிடுவேன். அண்ணனிடம், மாமா விடச் சொன்னார் என்றேன். மாமாவிடம், அண்ணனே அவிழ்த்துவிட்டார் என்றேன்.

"சில பேருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றார் மாமா, சுவரிடம்.

"முதலாளி சொன்னா சரி. கேக்கறதுக்கு நாம யாரு?" என்றார் அண்ணன், துப்பாக்கியிடம்.

வண்டிகள் போயின. ஒன்றும் ஆகவில்லை. கடை முதலிடத்துக்கு வந்தது. கடையை விற்கும் பேச்சை மாமா விட்டார். என் தட்டில் அக்கா தானாகவே இரண்டாம் முறை பரிமாறினாள். எத்தனை பேர் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று உங்களில் யாரும் என்னைக் கேட்கவில்லை, ஐயா. அவர்களும் கணக்கில் வரவேண்டும்.

அன்று வந்தது ஒரு சாம்பல் நிறக் கார். கணவன், மனைவி. மனைவியின் அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்று அவசரம். வேலையை முடித்து, துணியைக் கட்டி, அண்ணன் சாப்பிடப் போனார். அவள் ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இதை எதுக்கு இங்க கட்டியிருக்காங்க?" என்று கேட்டாள்.

"துடைக்கிற துணிங்க. மறந்து வெச்சுட்டாங்க."

அவிழ்த்து, அதே துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். சொன்னதை மெய்யாக்கிவிட்டால் அது பொய்யாகாது அல்லவா. படமெடுத்தேன். அவள் நன்றாகச் சிரித்தாள். கணவர் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

கடையிலிருந்து மூன்றாவது சாலைச் சந்திப்பில் ஒரு தண்ணீர் லாரி திடீரென நின்றது. பெரிய வேகம் இல்லை என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. கணவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவள் கண்ணாடியோடு சாலையில் கிடந்தாள்.

நீங்கள் பசை அண்ணனை அழைத்து வந்தீர்கள், மாமாவையும் அழைத்தீர்கள். அவர்களுக்குத் துணையாகத்தான் நான் வந்தேன். உங்கள் காவல் நிலைய வராந்தாவில், அத்தனை வருடங்களுக்குப் பிறகு, இருவரும் முதன்முறையாக நேருக்கு நேர் பேசினார்கள்.

"ஏன்டா அவுத்த? நீதானே அந்தத் துணியைச் சாமி மாதிரி காப்பாத்துவே?" என்றார் மாமா.

"நான் எங்கடா அவுத்தேன்? நீ விடச் சொன்னேன்னு தம்பி வந்து சொல்லுச்சு."

"நான் எப்பச் சொன்னேன்? நீயே அவுத்துட்டேன்னுல்ல எங்கிட்ட..."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் எழுந்து உங்கள் அறைக்கு வந்துவிட்டேன். இதைத் தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம் என்றே பதிவு செய்யவேண்டும்.

துணியை அவிழ்த்தவன் நான். அந்த வண்டியில் மட்டுமல்ல, எல்லா வண்டியிலும். அண்ணனை வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்மீது பழி விழக்கூடாது என்பதைவிட, அந்தக் கடையை மேலே கொண்டுவந்தது அவர் கை என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கணவர் போன வாரம் தம் ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக மாற்றி, 'என் மனைவி போய்விட்டாள்' என்று எழுதியிருந்தார். கடையின் சேவைக்குத் தொடர்பில்லாத கருத்து என்று தளத்துக்குப் புகார் செய்தேன். அவர்கள் ஏற்று நீக்கினார்கள். நான் மட்டும் கல்நெஞ்சக்காரன் என்றால், ஏற்றுக்கொண்டவர்களை என்னவென்பீர்கள்?

அவள் சிரிக்கிற அந்தப் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடும்படி அக்கா அழுது கேட்டாள். எடுக்கவில்லை. கடையின் பெயருக்குப் பக்கத்தில் அதுதான் இன்றும் இருக்கிறது. கைப்பேசியை எடுத்து நீங்களே பாருங்கள். நாடா இல்லை, துணி இல்லை, ஒரு கைரேகை இல்லை. அவள் சிரிப்புக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி ஒன்று இருப்பதே தெரியாது. என் வேலையில் குறை இருந்தால் அதில் காட்டுங்கள்.