பஞ்சம் தீரும்வரை கட்டிய காப்பு

முதலில் சாப்பிட்டுவிடுங்கள், ஐயா. தூக்குப்போசியைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரணைக் கேள்வி கேட்கிறீர்கள். பசியோடு ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் பேசுவது எனக்கு எப்போதுமே சங்கடம். வாசலில் யாரோ இருமுவதைப் பொருட்படுத்த வேண்டாம். சந்தைப் புழுதி அப்படி.

எங்கள் கம்பைநல்லூர் தீனஜன சம்ரக்ஷண சங்கம் முப்பத்தாறாம் வருஷம் பிறந்தது. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தீனஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று காலேஜ் பத்திரிகையில் நான் கேலி எழுதியிருந்தேன். தலைவர், தானிய மண்டி தீர்த்தகிரி, அதைப் படித்துச் சிரித்தாராம். சேலத்தில் இன்டர்மீடியட் தேறாமல் நான் ஊர் திரும்பியதும் ஆள் அனுப்பினார். "இவ்வளவு எழுதறீங்களே தம்பி, செகரட்டரியா வந்து நடத்தித்தான் காட்டுங்களேன்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். கேலி செய்கிறவனைக் காரியதரிசி ஆக்கிவிட்டால் ஊரில் கேலி நின்றுவிடும். பெரிய மனிதர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

சங்கத்தின் வேலை எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டி கொடுத்திருந்தோம். திரிகையில் ராகி போடும்போதெல்லாம் ஒரு பிடி அந்தச் சட்டியில் விழ வேண்டும். சந்தை நாளில் எங்கள் மாட்டு வண்டி தெருத்தெருவாக வரும். பெண்கள் சட்டியைக் கவிழ்ப்பார்கள். அந்த ராகியில் சந்தை ஓரத்துக் கொட்டகையில் கூழ் காய்ச்சி, வருகிறவர்களுக்கு ஊற்றுவோம்.

யுத்தம் வந்தது. மழை போயிற்று. கொட்டகையில் கூட்டம் ஏற, சட்டிகள் காலியாக இருந்தன. நான் உருக்கமாக நோட்டீஸ் எழுதினேன். அதை வாங்கிய ஜனங்கள் அதில் புகையிலை மடித்தார்கள். பஞ்சத்தைப் பற்றி எழுதினால், படிக்கிறவன் வீட்டிலும் அதுதானே இருக்கிறது.

அப்போதுதான் முனியாயி வந்தாள். வத்தல்மலைக்காரி. மலையில் சாமை காய்ந்துபோய், கிழங்கும் தீர்ந்து, மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தாள். கூழ் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். நிழல் வேறு இல்லாததால் வண்டியில் தூக்கிக் கிடத்தினோம். அதற்குள் வண்டி புறப்படும் நேரம் ஆகிவிட்டது. அவளை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று வண்டி நிரம்பியது. கீழத்தெரு ராமக்காள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, விதைக்கு வைத்திருந்த ராகியையே கொண்டுவந்து கொட்டினாள். "எங்க வூட்டுல எப்படியோ ஓட்டிக்கறமுங்க. இதக் கண்ணால பாத்துட்டு எப்படிங்க தின்றது?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் நோட்டீஸ்களால் ஆகாததை, மயங்கிக் கிடந்த ஒருத்தி செய்துவிட்டாள். எழுதுகிறவனுக்கு இது அவமானம். ஆனாலும் நான் கற்றுக்கொள்ள மறுக்கிறவன் அல்ல.

அவள் வண்டியில் தொடர்ந்து வர வேண்டும் என்று தீர்மானம் ஆனது. தலைவர் அதைப் பண்டிகை மாதிரிச் செய்யலாம் என்றார். எங்கள் பக்கம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பூசாரி மல்லையன் மஞ்சள் துணுக்குக் கோத்த கயிற்றை அவள் மணிக்கட்டில் கட்டினார். "பஞ்சம் தீரும்வரை" என்ற வாசகம் என்னுடையது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு. முனியாயி கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆக, நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை. கொட்டகைக்குக் கதவே கிடையாது, நீங்களே பார்த்தீர்கள்.

அதன்பிறகு ஒரு சிறு சிக்கல் வந்தது. கூழ் குடித்து அவளுக்குக் கன்னம் பூரித்தது. ராமக்காள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். "ஏனுங்க தம்பி, இவ என்னைவிட நல்லா இருக்கறாளே. நானும் வண்டியில ஏறிக்கட்டுங்களா?" தெருவே சிரித்தது. முனியாயியும் சேர்ந்து சிரித்தாள். வண்டி பாதி காலியாகத் திரும்பியது. கொட்டகையில் வரிசையின் வால் பகுதி அன்று கூழில்லாமல் போனது.

நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி அரை வயிறு இருந்தால் ஒரு வரிசை முழுதும் வயிறு நிறைகிறது. காலேஜ் விவாத மேடையில் இதற்கு எதிர்த்தரப்பே எழுந்திருக்காது. கூழ் காய்ச்சும் ஆரோக்கியம்மாளிடம், முனியாயிக்கு மட்டும் அரை அகப்பை என்று சொன்னேன்.

ஆரோக்கியம்மாள் விவாத மேடை பார்த்தவள் அல்ல. "அந்தப் பொம்பள வவுத்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு சுருண்டு கெடக்குது. இன்னும் அர அகப்ப ஊத்தினா உங்க சங்கம் கவுந்துருங்களா?"

"கவிழ்ந்துவிடும்" என்றேன்.

"அப்படின்னா கவுரட்டும், சாமி."

மறைவாக ஊற்றிக்கொண்டும் இருந்திருக்கிறாள். முனியாயியின் முகத்தில் தெரிந்துவிட்டது. நான் கோபப்படவில்லை. ஆரோக்கியம்மாளை விறகு பொறுக்க அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து அகப்பையை நானே பிடித்தேன். காரியதரிசியே கூழ் ஊற்றுகிறான் என்று ஊரில் நல்ல பெயர்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெற்கே மலைமேல் கருத்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே முனியாயி என்னிடம் வந்தாள். "மழ பேஞ்சிருச்சுங்க. கொள்ளாவது வெதைக்கோணும். புள்ள தனியா கெடக்குதுங்க. காப்ப அவுத்துவுட்டீங்கன்னா போயிருவனுங்க."

அவிழ்ப்பது நான் அல்ல, சங்கம் கூட வேண்டும் என்றேன். சங்கம் கூடியது. மழை பெய்திருப்பது உண்மையே ஆயினும், பஞ்சம் தீர்ந்ததாகக் கருத இயலாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தலைவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு வழிமொழிந்தார். அதற்குள் எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் எழும்ப ஆரம்பித்திருந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த ஹால்தான். கொத்தனாருக்குக் கூலி ராகியாகவே கொடுத்தோம். கூழ் கொஞ்சம் நீர்த்தது. ஆனால் கூழ் அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறது, கட்டடம் நிற்கிறது.

தீர்மானத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் ஓடியிருக்கலாம். ஒரு கயிறுதான். பல்லால் கடித்தால் அறுந்துவிடும்.

ஒருநாள் அது தானாகவே கழன்று விழுந்தது. மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது. நான் இந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழன்ற காப்பு மண்ணில் கிடக்கிறது, எதிரே மலைக்குப் போகிற பாதை. அவள் குனிந்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையிலும் ஏந்தி அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

"கழண்டு கழண்டு வுழுவுதுங்க, சாமி. குத்தமாயிருமுங்க. எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும். இறுக்கிக் கட்டிவுடுங்க."

நீங்கள் கேட்க வந்தது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். தானாக விழுந்தால் பஞ்சம் தீர்ந்தது என்று அர்த்தம், போ, என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். அடுத்த நாள் சந்தை. ஹாலுக்கு இன்னும் கூரை போடவில்லை. மணிக்கட்டில் நிற்காது என்பதால் முழங்கைக்கு மேலே ஏற்றி, இறுக்கிக் கட்டினேன். "நல்லா இருப்பீங்க" என்றாள்.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றும்போதே கை குளிர்ந்திருந்தது. எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். மூங்கில் தட்டியில் சாய்த்து உட்கார வைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, மாட்டை ஓட்டச் சொன்னேன். தூங்குகிறாள் என்று ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அன்றைக்கு ஊர் கொடுத்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் கொடுத்ததில்லை. ராமக்காள் அவள் மடியில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து, "ஏந்திரிச்சதும் தின்னு, ஆத்தா" என்றாள். சந்தை கலைந்த பிறகுதான் இறக்கினோம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அரை அகப்பையையும் கடைசியில் நிறுத்தியது நான். காப்பை மறுபடி கட்டியது நான். செத்தவளை ஊர்வலம் விட்டது நான். தலைவரை இதில் இழுக்க வேண்டாம். அவருக்கு ரத்த அழுத்தம். நான் எனக்கென்று ஒரு பிடி ராகி எடுத்ததில்லை. கூரை வேய்ந்த அன்று தலைவர் எனக்கு மாலை போட்டார். அதைக்கூட அவள் படுத்திருந்த இடத்தில்தான் கொண்டுபோய் வைத்தேன்.

போன வாரம் அவளைத் தேடிக்கொண்டு மகள் இறங்கி வந்தாள். சின்னக்கா என்று பெயர். மாமன் வீட்டில் சரியாகப் பார்க்கவில்லை போலும். அம்மாவின் முகம் அப்படியே. அம்மா எங்கே என்று கேட்டாள். காப்பு அவிழ்த்ததும் வருவாள், அதுவரை அவள் வேலையை நீ பார் என்றேன். பழைய கயிற்றையே மஞ்சளில் நனைத்துக் கட்டினோம். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நீங்கள் கடைசிவரை சாப்பிடவே இல்லையே. எடுத்துக்கொண்டு போங்கள், பரவாயில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் உங்கள் தூக்குப்போசியைப் பார்ப்பாள். இரக்கப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. நாளைக்குச் சந்தை.