நிஸ்ஸே தொடாத கஞ்சி

அவைத்தலைமை ஏற்று, அரைக்கண் மூடியிருந்தாலும் காதை முழுதாய்த் திறந்து வைத்திருக்கும் ஆலைக் கூட்டுறவின் தலைவர் சிக்பியோர்ன் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் பசியறிந்த தாய்மார்களே! பின்வரிசையில் வாஃபிளும் காப்பியுமாய் வீற்றிருந்து, பேச்சு எப்போது முடியும் என்று பார்க்கும் என் அருமைத் தோழர்களே! இந்தப் பள்ளத்தாக்கின் பன்றிக்கும் பசுவுக்கும் பண்டுவம் பார்க்கும் இங்குன் உங்களை வணங்குகிறேன்.

வாழ்த்திவிட்டுப் போக மட்டும் வரவில்லை. வாக்குக் கேட்க வந்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் நம் ஆலை ஓட்ஸ்தான் நம் குழந்தைகள் காப்பகத்தில் கஞ்சியாகப் போகிறது. பெருமைதான்! ஆனால் அறுவடையெல்லாம் அடைமழையில் நனைந்த ஆண்டு இது. ஒவ்வொருவர் ஓட்ஸையும் சோதித்த பிறகே அரைப்பதா, அப்படியே அரைப்பதா? அதுதான் இன்றைய கேள்வி.

ஒரு கதை சொல்கிறேன். கதைக்குரிய விவசாயி ஓட்வார் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, தொழுவம் காக்கும் சிவப்புத் தொப்பிக் குள்ளன் நிஸ்ஸேவுக்குக் கிண்ணம் நிறையக் கஞ்சி வைக்காத வீடு நம்மில் உண்டா? ஓட்வாரும் வைத்தார். ஊரெல்லாம் கடையரிசிக் கஞ்சி. சிக்கனச் சிங்கம் ஓட்வார் வீட்டிலோ கீழ்வயலில் விளைந்த சொந்த ஓட்ஸ்! காலையில் கிண்ணம் காலியாயிருக்க வேண்டும். காலி செய்வது யார்? மூக்கால் தாழ்ப்பாளை நெம்பத் தெரிந்த தாய்ப்பன்றி சீமாட்டி. ஓட்வாருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதுதான் பண்டிகை.

இந்த முறை கிண்ணம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஓட்வார் கலங்கிப்போனார்.

“நிஸ்ஸே கோவிச்சிக்கிட்டான் போல. வெண்ணெயக் கம்மியா வெச்சிட்டே, அதான்.”

“போன வருசமும் இதே வெண்ணெய்தான்யா,” என்றார் மனைவி போர்கில்ட். “அவனுக்கு இப்பதான் நாக்கு நீண்டுச்சாக்கும்?”

மறுநாள் இரட்டை வெண்ணெய். அதுவும் தொடப்படவில்லை. சீமாட்டி தன் தீவனத்தையும் ஒதுக்கினாள். வீட்டிலோ இருவருக்கும் வாரக்கணக்கில் வயிறு சரியில்லை. பழியெல்லாம் பண்டிகை மாதம் முழுக்கத் தின்ற பன்றி விலாக்கறியின் மேல்! பன்றிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், பார்த்தேன், கிண்ணம் கண்ணில் பட்டது. இது என்ன ஓட்ஸ் என்றேன். பன்றி தின்னும், இவர்களும் தினமும் காய்ச்சிக் குடிக்கும் அதே ஓட்ஸ்தானாம். சோதனைக்கு அனுப்பினேன், பூஞ்சை நஞ்சு என்று பதில் வந்தது.

“பாக்கத் தங்கமா இருக்கே டாக்டரம்மா. கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறோம்?” என்றார் ஓட்வார்.

பூஞ்சை சாகும் ஐயா. அது கக்கிவைத்த நஞ்சு கஞ்சியின் கொதியில் சாகாது! குடலின் உட்சுவர் எத்தனை தடிமன் என்று நினைக்கிறீர்கள்? ஒரே வரிசை உயிரணு! நம் மரவீட்டுச் சுவரில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பாசி திணிக்கிறோமே, அப்படித்தான் அங்கும் இடுக்குகள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. இந்த நஞ்சு அந்த இடுக்குகளைத்தான் தளர்த்துகிறது. கட்டை நிற்கும், பாசி பெயரும். பாசி பெயர்ந்த வீட்டில் பனிக்காற்று சும்மா இருக்குமா? உள்ளே வரக்கூடாதது உள்ளே வரும்.

என்ன, அங்கே யார்? உங்கள் பசு இதையே தின்று நன்றாக இருக்கிறதா? இருக்கும் ஐயா! பசுவின் முன்வயிற்றில் இந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர்ப் பட்டாளமே உண்டு. உங்களுக்கு இருப்பது ஒற்றை வயிறு. அந்த வகையில் நமக்கு நெருங்கிய சொந்தம் சீமாட்டிதான். சிரிக்காதீர்கள், நம் சொந்தத்தில் புத்திசாலியும் அவள்தான்.

நான் மனித மருத்துவர் அல்ல; இருவர் வயிற்றுக்கும் அந்த ஓட்ஸே காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதை நிறுத்தினார்கள், வயிறு அடங்கியது. குடல்சுவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சுவர். நாம் செய்ய வேண்டியது, பாசியைப் பிடுங்காமல் இருப்பது மட்டுமே.

சோதனையில் தேறாத ஓட்ஸை ஆலை ஏற்காது. ஓராண்டு உழைப்புக்கு அது அடி. அறிவேன், அதற்காக வருந்துகிறேன். ஆனால் பெரியவர்களே, பன்றிக்குப் பிடிக்கவில்லையென்றால் முகம் திருப்பிக்கொள்ளும். காப்பகத்துப் பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் ஊட்டினால் வாய் திறக்கும். உங்களை நம்பித் திறக்கும் அந்த வாய்க்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

என்ன ஓட்வார், எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். “மேல்வயல் ஓட்ஸும் ஆலையிலதான் கெடக்கு. மொதல்ல என்னோடத எடுத்துப் பாருங்க” என்கிறார்.

தலைவர் அவர்களே, இனி எனக்கு இங்கே வேலையில்லை. கைகளை எண்ணத் தொடங்குங்கள்; முதல் கை மூன்றாம் வரிசையில் உயர்ந்துவிட்டது. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், வாஃபிள் சுட்ட கைகளுக்கும், சபைக்கு வராத சீமாட்டிக்கும் நன்றி கூறி, வரும் கிறிஸ்துமஸில் நிஸ்ஸேவின் கிண்ணம் வீடுதோறும் காலியாகட்டும் என வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!