சந்தியாகப்பர் ஆலயத்தில் மறுபடி எழுந்த சுவர்

விழாத் தலைவர் அவர்களே! காலையில் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தை அவர்களே! புதுப்பிப்புக் குழுவின் தலைவர், நான் நேற்றுவரை மதித்து வந்த திருச்செல்வம் அவர்களே! கிள்ளானிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும், பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் காரேறி ஓடிவந்த பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மன்றாட்டும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அதோ, பிரியாணி அண்டாவைக் கட்டிக் காக்கும் அண்ணன்மார்களே! இத்தனை பேருக்கும் அப்பால், இந்தக் கூடாரத்துக்கும் வெளியே, ரம்புத்தான் மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் சவரியாயி அக்கா அவர்களே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அக்காவின் பெயரை நிகழ்ச்சி நிரலில் காணவில்லை. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். சவரியாயி அக்கா அவர்களே, வணக்கம்!

கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். என்னை அழைத்து, "ஆலயத்தின் வரலாறும் சிறப்பும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். தேனொழுகப் பேசத்தான் வந்தேன். இந்தக் காப்பார் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில், ரப்பர்ப் பால்மரம் சீவிய கைகள் கட்டிய கோயில் இது. அதன் மணியோசைக்கு மாரியம்மன் கோயில் பூசாரியும் எழுந்து பல் துலக்கினார். சந்தியாகப்பர் சப்பரம் வரும் நாளில், சாமி பெயர் தெரியாதவரும் வாசலில் தண்ணீர் தெளித்தார். இதையெல்லாம் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருப்பேன். ஆனால் காலையில் உள்ளே போனேன். கண்டேன். கொதித்தேன்!

என்ன கண்டேன்? சுவரைக் கண்டேன்! ஆலயத்தின் நடுவே, தொடை உயரத்தில், வார்னிஷ் பூசிப் பளபளக்கும் செங்கற்சுவர். அதன்மேல் பித்தளைத் தகடு. தகட்டில், "பாரம்பரியத் தடுப்புச் சுவர்."

பாரம்பரியமா? யாருடைய பாரம்பரியம்? எதைத் தடுத்த சுவர்? மழையைத் தடுத்ததா? மாட்டைத் தடுத்ததா? மனிதனைத் தடுத்தது ஐயா, மனிதனை! முன்னால் பெஞ்சு ஒரு சாதிக்கு. பின்னால் வெறுந்தரை இன்னொரு சாதிக்கு. கப்பலில் ஒன்றாக வாந்தி எடுத்தவர்கள், தோட்டத்தில் ஒரே அட்டைக்கு இரத்தம் கொடுத்தவர்கள், கடவுளின் வீட்டுக்குள் வந்ததும் பிரிந்து உட்கார்ந்தார்கள். வெட்கமாக இல்லை?

கை தட்டாதீர்கள். இது கை தட்டுகிற சங்கதி இல்லை.

அந்தச் சுவர் எப்படி விழுந்தது, தெரியுமா? நான் அப்போது கைக்குழந்தை. என் அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். சவரியாயி அக்காவின் கணவர் அருளப்பன், தோட்டத்து லோரி கவிழ்ந்து செத்துப் போனார். சவப்பெட்டி ஆலயத்துக்குள் வந்தது. சுவரின் நடுவே ஆள் போக ஒரு வழி உண்டு. அங்கே கங்காணி கையை நீட்டி மறித்தார்.

"பெட்டிய இங்கயே எறக்குங்க. இதுக்கு அங்கால வரக்கூடாது."

தூக்கி வந்தவர்கள் இறக்கிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டிருந்தவர் எழுந்தார், அந்த வழியை மறித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் புருசன் போவாத எடத்துக்கு இன்னிக்கு எவனும் போவக்கூடாது. பூச பாக்கணும்னா எங்க ரெண்டு பேரையும் மிதிச்சிட்டுப் போங்க!"

மிதித்தாரா ஒருவர்? பீடத்தில் நின்ற பாதிரியாரும் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் அக்காவே பெட்டியின் முன்முனையைப் பிடித்துத் தூக்கினார். பெண் பிணம் தூக்கலாமா என்று கேட்கும் முன், பின்னாலிருந்து நான்கைந்து பெண்கள் வந்து கை கொடுத்தார்கள். பெட்டி போனது! பீடம்வரை போனது! அடுத்த வாரமே பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். அந்தச் செங்கல்லை அக்கா கேட்டு வாங்கி, அதிலேயே அருளப்பனுக்குக் கல்லறை கட்டினார். இந்த ஆலயத்தின் சிறப்பு இதுதான். வேறு எந்தச் சிறப்பும் எனக்குத் தெரியாது.

ஒலிபெருக்கி பார்க்கும் தம்பி தனேஷ், மைக் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. இன்னும் முடியவில்லை.

இன்று காலை அக்காவை எங்கே உட்கார வைத்தீர்கள்? அந்தச் சுவருக்குப் பின்னால்! "சக்கர நாற்காலிக்கு அங்கதான் எடம் இருக்கு ஆன்டி" என்று சிரித்துக்கொண்டே தள்ளிப்போய் வைத்தார்கள். அக்கா சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு செங்கல்லில் கருப்பாய் ஒரு வட்டம். உங்கள் வார்னிஷுக்கும் போகாத கருப்பு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அருளப்பனின் தலைமாட்டில் அக்கா ஏற்றிய மெழுகுவர்த்தியின் கரி அது!

ஆமாம்! பழைய செங்கல்தான் வேண்டுமென்று கல்லறையை உடைத்து எடுத்திருக்கிறார்கள்! நான் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அருளப்பனின் கல்லறை இருந்த இடத்தில் வெறும் மண் கிடக்கிறது.

என்ன சொல்கிறீர்கள், திருச்செல்வம்? எழுந்து உரக்கச் சொல்லுங்கள்.

"அண்ணே, யாரும் வராத கல்லறைனு கொன்ட்ராக்டர் சொன்னான் லா. ஹெரிடேஜ் வேலைக்கு ஒரிஜினல் செங்கல் வேணும்னாங்க. நாங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

யாரும் வராத கல்லறையா? முழங்கால் தேய்ந்து நடக்க முடியாதவர் எப்படி ஐயா வருவார்? சவரியாயி அக்கா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனால் ஐந்து நிமிடம். போய்க் கேட்டீர்களா? எந்தச் சாதியும் இப்போது இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்களே, அந்தச் சாதி எழுப்பிய சுவரைக் காசு கொடுத்துக் கட்டி, ரிப்பன் வெட்டி, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டீர்களே! தெரியாமல் செய்தோம் என்கிறீர்கள். ஊர் வரலாறு தெரியாதவனுக்கு ஊர்க்கோயிலில் என்ன வேலை?

அக்காவின் நாற்காலியை வெளியே தள்ளி வந்தவன் நான்தான். "அக்கா, நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. சபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவர மறுபடியும் அதே எடத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க தம்பி."

கேட்டீர்களா? கங்காணி நிறுத்திய அதே இடம்! அன்று பெட்டி நின்ற அதே இடத்தில், இன்று அவர் கல்லறை நிற்கிறது!

நிற்கலாமா? நாம் பார்த்துக்கொண்டு பிரியாணி தின்னலாமா? எழுந்திருங்கள்! சாதி பேசிய வீட்டில் பிறந்தவர்களும் எழுந்திருங்கள், சாதியால் அழுத வீட்டில் பிறந்தவர்களும் எழுந்திருங்கள்! சுவரைப் பெயர்ப்போம். ஆளுக்கொரு செங்கல் எடுப்போம். பக்கத்துக் கதவு வழியாகக் குறுக்கே போக வேண்டாம். நடுப்பாதையில் நடந்து, பீடத்துக்கு முன்னால் நின்று, பிறகு கல்லறைக்குப் போவோம். அன்று முன்முனையைத் தூக்கிய அக்கா இன்றும் முன்னால் வரட்டும். திருச்செல்வம், அவர் நாற்காலியை நீங்கள் தள்ளுங்கள்.

எனக்கு வைத்திருக்கும் பொன்னாடையை மடித்து வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கல்லறைமேல் போர்த்துவோம். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுமை இத்தோடு போதும். வணக்கம். அக்கா, இதோ வருகிறோம்.