பயணம் சொன்ன துணிகள்

இந்தப் பாராட்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய ஜனாப் ஜுனைதீன் அவர்களே! மாத்தளை நகரின் வணிகப் பெருமக்களே! ஆசிரியர்களே! எல்கடுவ மலையிறங்கி வந்து பாயில் நெருங்கி அமர்ந்திருக்கும் என் தாய்மாரே! அருந்ததியின் அன்பு வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு சட்டி வெந்நீர் வைத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவமாது. வெந்நீர் வைக்காத விடியல் எனக்கு ஏது? ஆனால் இன்று எந்த வீட்டிலும் பிரசவம் இல்லை. பிறகு ஏன் வைத்தேன்? சொல்கிறேன்.

தலைவர் என்னைக் கலைஞர் என்றார். நான் வெறும் ஒட்டுகிறவள். முன்வரிசையில் சிரிக்காதீர்கள் றம்லா டீச்சர், தேர்தல் சுவரொட்டி அல்ல! உக்குவளையில் தபாலதிபராக இருந்த என் தந்தை, உறைகளை வெந்நீரில் நனைத்து முத்திரைகளைக் கழற்றுவார். “இழுக்காதை பிள்ளை, ஊறட்டும், தானாய் வரும்” என்பார். அம்மாவோ கிழிந்த சேலைகளை வெட்டிப் போர்வை தைப்பார். ஒருவர் பிரித்தார், ஒருவர் சேர்த்தார். இருவருக்கும் பிறந்த என் கைக்கு இன்றுவரை ஓய்வில்லை.

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் சுற்றுவதில்லை. அது தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். தகப்பனின் பழைய சாரம், தாயின் பழைய சேலை. வீட்டுக்கு வீடு அதில் ஒரு சாண் கேட்டு வாங்கினேன். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளோடும் அப்பாவின் முத்திரைகளோடும் அவற்றை ஒட்டி ஒரு மலை செய்தேன். நூற்றுப் பதினெட்டுத் துண்டுகள். நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள்! நாளை கொழும்புக் கண்காட்சிக்குப் போகவிருக்கும் அந்தப் படம்தான் என் பின்னால் வெள்ளைத் துணிக்குள் இருக்கிறது. எத்தனை ஆண்டு ஏங்கினேன் இதற்காக!

செவ்வாயன்று பழனிமுத்துவும் மனைவி செவனம்மாவும் என் வீட்டுக்குப் பயணம் சொல்ல வந்தார்கள். ஒப்பந்தப்படி தோட்டத்தை விட்டு ஒரேயடியாய் இந்தியாவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக ஏறி விடைபெறும் துயரம் நீங்கள் அறியாததா? தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு செவனம்மா படத்தையே பார்த்தாள்.

“மிஸ்ஸியம்மா, அந்த நீலக்கட்டம் எங்க சின்னவன் துணிதானே?”

“ஆமாம்.”

“அவன் கோயிலுக்குக் கீழ மண்ணுக்குள்ள கெடக்கான். அவனத் தூக்கிட்டுப் போக முடியாது. அதயாவது குடுங்களேன்.”

“ஏ புள்ள, கொழும்புத் தொரமாரு பாக்கப்போற படம்! ஓட்ட போடச் சொல்றியா?” என்று அதட்டினார் பழனிமுத்து.

நான் என்ன சொன்னேன்? “கண்காட்சி முடியட்டும்” என்றேன்.

“நாங்க ஞாயித்துக்கெழம ரயிலு ஏறுறோமே” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

நான்கு நாள்! என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டு வாங்கியது யார்? நான். கேட்டபோது கொடுக்காதது யார்? நானேதான்! பிள்ளையைப் பெற்றவளுக்கு இல்லாத துணி, பிள்ளையை ஏந்தியவளுக்கு எதற்கு? புகழுக்கா? சுவருக்கா?

இன்று காலை அந்த வெந்நீரில் பஞ்சை நனைத்து நீலக்கட்டத்தின் மேல் வைத்தேன். இழுக்கவில்லை. ஊறியது, தானாக வந்தது. செவனம்மா, மூன்றாவது வரிசையில்தானே இருக்கிறாய்? எழுந்து வா, அம்மா. இன்னும் ஈரம் காயவில்லை.

தலைவர் அவர்களே, பொறுத்தருள வேண்டும். இதை உங்களிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் படம் கொழும்புக்குப் போகாது. ஓட்டையோடு என் வீட்டில் இருக்கும். பயணம் சொல்ல வரும் ஒவ்வொரு தாயும் தன் துண்டைக் கேட்கட்டும். மலை வெறும் பலகையாகட்டும்!

கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. போகிறவர்களுக்கு வணக்கம். என் அடுப்பில் வெந்நீர் இருக்கும்.